மெதுவாக அடிப்பவரே மனிதர்

கணினி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரே பயன்படுத்தும் ஒன்றை அப்படியே எடுத்து வைக்க மனம் வராது. எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த சமயத்தில்தான் வீட்டில் பெண் பார்த்தார்கள்.

பெண் வீட்டாருக்கு மாத்தளை டவுனில் கறுவா, மிளகு விற்கும் கடை. இணையத்திலும் ஆர்டர் எடுத்தார்கள். தானாக விளம்பரம் அனுப்பும் ரோபோ நிரல்கள் அந்த ஆர்டர் பக்கத்தை நிரப்பித் தள்ளின. உடம்பு இளைக்கும் மாத்திரை, சூதாட்டம் என்று ஒரே குப்பை. அதற்குள் உண்மையான ஆர்டர்கள் தொலைந்துபோயின.

"தம்பி கம்பியூட்டர் ஆளுதானே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார் பெண்ணின் அப்பா. (மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறார் என்று அம்மா என் காதைக் கடித்தார்.)

ரோபோவைத் தடுக்கக் கோணல் எழுத்தைப் படிக்கச் சொல்வது, படத்தில் பஸ்ஸைத் தேடச் சொல்வது எல்லாம் எனக்கு மட்டமாகத் தெரிந்தன. பக்கத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கத் தீர்மானித்தேன். மனிதர் தட்டுத்தடுமாறி அடிப்பார். ரோபோ கண்ணிமைக்கும் முன் முடித்துவிடும். வேகமாக அடித்தால் வெளியே!

அதைப் பக்கத்தில் பொருத்தி ஒரு வாரம் கழித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெற்றியைக் காட்டப் போனேன்.

"தேவி, நீ ஒண்ணு அனுப்பிப் பாரும்மா" என்றார் பெண்ணின் அப்பா.

தேவிதான் பெண். சட்டத்தரணி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். (இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.) படபடவென்று அடித்து முடித்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: 'மன்னிக்கவும், நீங்கள் மனிதர் அல்ல.'

"என்ன தம்பி, எங்க புள்ளயப் பாத்து இப்படிச் சொல்லிட்டீங்க?"

"இல்லங்க, அவங்க ரொம்ப வேகமா..."

"பழைய கஸ்டமருங்களுக்குப் பேரு, அட்ரஸெல்லாம் போனே நிரப்பிக் குடுக்குமே. அப்ப அவங்களும் ரோபோவா?" என்று கேட்டாள் தேவி.

அப்பாவின் முகம் மாறியது. "அதான் இந்த வாரம் ஒரு ஆர்டரும் வரலயா!"

அந்நேரம் பார்த்து அவருடைய போன் சிணுங்கியது. புது ஆர்டர்! ஆவலாகத் திறந்தார். உடம்பு இளைக்கும் மாத்திரை.

"இது கொஞ்சம் பொறுமையான ரோபோ போல" என்றாள் தேவி. என் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெற்ற தாய்!

அன்றே என் கண்டுபிடிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, 'மிளகு உறைக்குமா, இனிக்குமா?' என்று ஒரு கேள்வியை வைத்தேன். ரோபோக்கள் திணறின, ஆர்டர்கள் திரும்பி வந்தன. கல்யாணமும் நடந்தது. (என்மேல் இரக்கப்பட்டாளாம்.)

இப்போதும் எந்த இணையத்தளமாவது 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டத்தில் சரி போடச் சொன்னால், தேவி போனை என்னிடம் நீட்டுவாள்.

"நீங்களே போடுங்க. நான் போட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிரும்."