ஸ்பீக்கரில் வராத தவமணி

தவமணி அனுப்பிய பதில் கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கதிர்காமநாதன் மறுபடியும் அழுத்திப் பார்த்தான். திரையில் ஒரு சின்னக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஏதோ ஓடுகிறது. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டான். ஒரு பெருமூச்சுகூட இல்லை.

"என்னடா சொல்றா?" அம்மா புஷ்பராணி கரண்டியும் கையுமாக அறை வாசலில் நின்றாள்.

"இருங்கம்மா, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எனக்கு ஒன்னும் கேட்கலையே."

"மெதுவா பேசுறாங்கம்மா."

"டீச்சரா இருந்துக்கிட்டு மெதுவா பேசினா பிள்ளைங்க எப்படிப் படிக்கும்?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பினாங்கிலிருந்து சிரம்பானுக்குப் பெண் பார்க்கப் போய் வந்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து "பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டபோது, தவமணி தலையைக் குனியாமல், "என் பதிலை நான் அவர்கிட்டயே சொல்றேன்" என்றாள். அவள் அப்பாதான் சிரித்துச் சமாளித்தார். "சரி, பொண்ணு தம்பிகிட்ட சொல்லட்டும். அதுக்கப்புறம் மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து எங்களுக்குப் போன் பண்ணுங்க."

அந்தப் பதில்தான் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. 'எழுத உட்கார்ந்தால் பரீட்சைத் தாள் திருத்துவது போலவே இருக்கிறது. அதனால் பேசி அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்' என்று இரண்டு வரி. கூடவே ஒரு ஒலிக்கோப்பு.

"கேட்கவில்லை, எழுதியே அனுப்புங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் இருவரையும் தனியாகப் பேசவிட்டபோது கதிர் பேசியது முழுக்க லினக்ஸைப் பற்றி. உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து செய்து, சும்மாவே கொடுக்கிறார்கள் என்றான். யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்றான். தன் கணினியில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு அதைப் போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"பிரச்சினை ஏதும் வருமா?"

"வரவே வராதுங்க."

இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பான்?

மறுநாள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் அப்துல் அஜீஸைப் பிடித்தான். லினக்ஸ் சிடியைக் கொடுத்த புண்ணியவான் அவன்தான்.

"சவுண்ட் டிரைவர் ஒழுங்கா ஏறியிருக்காதுடா" என்றான் அஜீஸ். "கார்டு பேசுறது சிஸ்டத்துக்குப் புரியல, சிஸ்டம் பேசுறது கார்டுக்குப் புரியல. பேசாம டிஸ்கெட்ல போட்டுக் கொண்டா, என் வீட்டுல கேட்போம்."

"கேட்போமா? என்னைக் கட்டிக்கிறாங்களா இல்லையான்னு நீ ஏன்டா கேட்கணும்?"

"அப்ப சைபர் கஃபே போ."

"கேம் விளையாடுற பயலுங்க நடுவுலயா? நல்லா கைதட்டுவானுங்க."

"உனக்கு உதவி செய்யவும் வழியில்ல-லா! சரி, கார்டுக்குக் கொடுத்திருக்கிற நம்பர மாத்து. அஞ்சுல இருந்தா ஏழுல வை."

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏழில் வைத்தான். தவமணியின் கோப்பை அழுத்தினான். ஸ்பீக்கர் அசையவில்லை. பக்கத்தில் சிவனே என்று இருந்த பிரிண்டர் திடீரென்று இருமி, கனைத்து, தாள் தாளாகத் துப்ப ஆரம்பித்தது. ஏழாம் நம்பர் ஏற்கெனவே பிரிண்டருக்குச் சொந்தம் என்பது கதிருக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மா ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் நட்சத்திரமும் கேள்விக்குறியும் சிரிக்கிற முகமும் வரிசையாக இருந்தன.

"பேசினது போதாதுன்னு எழுதியும் அனுப்பியிருக்காளா? இது என்ன பாஷைடா?"

"கம்பியூட்டர் பாஷைம்மா."

"கெட்டிக்காரிதான்" என்று அம்மா அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அஜீஸ் மூன்றில் வைக்கச் சொன்னான். வைத்தான். பிரிண்டர் அடங்கியது; மோடம் செத்தது. இனிமேல் வெட்கத்தை விட்டு மின்னஞ்சல் அனுப்பலாம் என்றாலும் வழியில்லை.

"அலாமாக்! அப்ப ஒன்னுதான் பாக்கி" என்று தலையில் கை வைத்தான் அஜீஸ். "சிஸ்டத்தோட அடிவயித்தையே கழற்றி, சவுண்டுக்கு ஏத்த மாதிரி மறுபடி கட்டணும். சனிக்கிழமை பூரா ஆகும்."

அம்மாவால் சனிக்கிழமை வரை தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பியவள் வாசலில் திரும்பி நின்றாள்.

"நீளமா ஒன்னும் வேணாம். அவ பதில் சொல்லிட்டாளா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"சொல்லியிருக்காங்கம்மா."

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்ததும் கதிர் வாசலுக்கு ஓடினான். கூப்பிடுவதற்குள் அம்மா டாக்சியில் ஏறிவிட்டாள். தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவன் பேருக்கும் தவமணி பேருக்கும் சேர்த்து அர்ச்சனை நடந்தது. படி இறங்குவதற்குள் அம்மாவின் அக்கா புஷ்பவள்ளிக்குச் செய்தி போனது. மத்தியானம் தாசேக் கெலுகோரிலிருந்து விஸ்வலிங்கம் மாமா போன் செய்தார்.

"மண்டபம் பேசிட்டேன் மாப்பிள்ளை! நாள் மட்டும் நீங்க சொல்லுங்க."

சாயங்காலம் அம்மா ஒரு கூறைச்சேலையைக் கட்டிலில் விரித்து வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். "சிரம்பானுக்கு நாளைக்கு நல்ல நேரம் பார்த்துப் போன் பண்றேன்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கதிர் கணினியின் முன் உட்கார்ந்தான். திரையில் எழுத்துகள் மழையாகக் கொட்டின. அம்மா சட்டை தேய்க்கக்கூடாது, மிக்சி போடக்கூடாது, பிளக் பக்கமே போகக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டை அம்மா அவன் மடியிலேயே கொண்டுவந்து வைத்தாள். வெயில் இறங்கும்போது எல்லாம் முடிந்தது. முருகா என்று சொல்லிக்கொண்டு, ஒலியைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினான்.

பேண்டு வாத்தியம் முழங்கியது! ஸ்பீக்கரின் முழு வீச்சில், ஜன்னல் கண்ணாடி அதிர முழங்கியது. அம்மா கைதட்டினாள். பக்கத்து வீட்டு நூர் பீவி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்ன கதிரு, கல்யாணம் இன்னிக்கேவா?"

கதிர் சிரித்துக்கொண்டே அறைக் கதவைச் சாத்தினான். தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தவமணியின் கோப்பை அழுத்தினான்.

ஒன்றுமில்லை.

ஒலியைக் கூட்டினான். மறுபடி அழுத்தினான். கோடு நிதானமாக ஓடி முடிந்தது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

கணினி நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் அவள்தான் ஒன்றும் பேசவில்லை.

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை. வெறும் மௌனத்தை அனுப்பிவிட்டாள். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வராந்தாவில் இருந்த நேரம் முழுக்கத் தானே பேசித் தீர்த்தவன் அவன். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள், ஒன்றையும் கேட்கவில்லை. "டீ ஆறுதுங்க" என்று அவள் நடுவில் ஒருமுறை சொன்னாள். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்பதற்காகத்தான் இந்த வாரம் முழுக்க இத்தனை பாடும் பட்டோம் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கூடத்தில் போன் அடித்தது.

"சம்பந்தியம்மா! நானே பண்ணணும்னு இருந்தேன், சேலைகூட எடுத்து..." என்ற அம்மாவின் குரல் கேட்டதும் பாய்ந்து போய் ரிசீவரைப் பிடுங்கினான்.

"நான் கதிர் பேசுறேன்ம்மா."

"தம்பி, தவமணி அம்மா நல்லம்மாள் பேசுறேன்" என்றது மறுமுனை. குரல் சோர்ந்திருந்தது. "பதில் அனுப்பி இத்தனை நாளாச்சு, நீங்க ஒரு வார்த்தை சொல்லல. பிள்ளை சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குறா."

"கேட்டுட்டேன்ம்மா. புரிஞ்சுக்கிட்டேன். அவங்க மேல எனக்கு வருத்தமே இல்லன்னு சொல்லுங்க. ஒன்னும் பேசாம இருக்கிறதும் ஒரு பதில்தான்."

பின்னால் அம்மாவின் கையிலிருந்து சேலை நழுவித் தரையில் விழுந்தது.

"பேசாம இருந்தாளா? அந்தப் பெட்டி முன்னால உட்கார்ந்து அவ பேசினது அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே தம்பி!"

"ஆனா இங்க ஒரு சத்தமும் வரலையேம்மா..."

"எப்படி வரும்? 'கட்டிக்கப் போறவர் வச்சிருக்கிறதுதான் எனக்கும் வேணும்'னு, நல்லா பாடிக்கிட்டிருந்த விண்டோஸ அழிச்சிட்டு பேசுறதுக்கு முந்தின நாளே எங்கேயோ சிடி வாங்கி அந்த லினக்ஸப் போட்டாளே, அன்னையிலேர்ந்து எங்க வீட்டுப் பெட்டியும் ஊமைதான் மாப்பிள்ளை!"