விசாரிக்கத் தகுந்த வியாதி

நோயாளியை விசாரிப்பதில் பசுவந்தனைக்கு மேற்கே உள்ள அந்தக் கரிசல் கிராமத்தை மிஞ்ச இன்னொரு ஊர் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். அங்கே ஒருவர் மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டால், ஹார்லிக்ஸும் ரொட்டியுமாகக் குவிந்து அவர் வீடு பெட்டிக்கடை ஆகிவிடும்.

வேல்ராஜ் உளுந்துக் காட்டுக்குப் போவதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தபோது, மனைவி கற்பகம் அவரைக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனாள். மனநல டாக்டர் ‘மனச்சோர்வு’ என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, நாலு பேர் வந்து பேசிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தேறிவிடுவார் என்றார். ஊர் திரும்பிய கற்பகம், கேட்டவர்களிடம் ‘சர்க்கரை’ என்றாள்.

ஊர் திரண்டது. பெத்தம்மாள் பாகற்காயோடு வந்தாள். செண்பகராஜ் தன் ரிப்போர்ட்டோடு வந்தார்.

“எனக்கு முந்நூத்தி இருபதுவே. உமக்கு எவ்வளவு?”

“இருநூறு” என்று கற்பகம் முந்திக்கொண்டாள்.

“இதெல்லாம் ஒரு சீக்காவே? எந்திச்சு உக்காரும்.”

வேல்ராஜ் உட்கார்ந்தார். மூன்றாம் வாரம் இரண்டாவது தோசை கேட்டார். கற்பகம் அடுப்படிக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

விசாரிக்க வந்த முத்துசெல்விக்குப் பொது அறிவு அதிகம். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டாள். மறுநாள் முதல் ஒருவரும் வரவில்லை. ஊரின் பண்பாட்டைப் பாராட்ட வேண்டும். யாரும் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. பேசவே இல்லை. வேல்ராஜ் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த வியாதியை ஊர் அறியாது என்று யாரும் அவதூறு சொல்லக்கூடாது. ஊராட்சித் தலைவர் நந்தகோபாலின் மகன் யோகராஜ் கனடாவில் வாராவாரம் மனசுக்கு டாக்டரைப் பார்க்கிறான். ‘கவுன்சிலிங்’ என்று தலைவர் அதைக் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லுவார். பெத்தம்மாள் கோவில் கொடைக்குக் கொடை தனக்குத்தானே பேசி அழுதால் அது அம்மன். வரிசையில் நின்று திருநீறு வாங்குவார்கள். ஆக, வியாதி விமானத்தில் வரலாம், அம்மனோடும் வரலாம். கோவில்பட்டி பஸ்ஸில் வந்ததுதான் வேல்ராஜ் செய்த பிழை.

இந்த நிலையில் சமுதாயக் கூடத்தில் மனநல விழிப்புணர்வு முகாம் நடந்தது. அதே டாக்டர் வந்திருந்தார். ஊரே வந்து டீயும் வடையும் சாப்பிட்டது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

“எங்க ஊர்ல அப்படி ஒருத்தரும் கெடையாது டாக்டர். நூறு சதம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் கற்பகம் எழுந்து போய், புருஷனுடைய மருந்துச் சீட்டை டாக்டர் முன்னால் வைத்தாள். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, குணம் தெரியவில்லையா, மாத்திரையைக் கூட்டவா என்று கேட்டார்.

“மாத்திரை அப்படியே இருக்கட்டும் டாக்டர். சீட்டுல மட்டும் சர்க்கரைன்னு மாத்தி எழுதிக் குடுங்க. இவியல்லாம் வந்து உக்காந்து பேசுன வரைக்கும் அவிய ரெண்டாவது தோசை கேட்டாவ.”