வாலோடு சேர்த்து நாற்பத்தொரு அங்குலம்

நாயின் நீளம் எவ்வளவு என்று கப்பல் ஆபீஸ் கேட்டிருந்தது.

கேள்வி சின்னதுதான். ஆனால் வாலைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கடிதத்தில் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கும் கடிதமும் எழுதும் செல்லையா கிராணி அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள். வேறு வழியில்லாமல் அளவு நாடாவோடு மாடசாமியின் லயத்து வீட்டு வாசலில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"கழுத்தைப் புடிச்சுக்குங்க மாடசாமி. அசையாம நிக்கச் சொல்லுங்க."

"நான் சொல்லி எந்த நாளுங்கய்யா அது கேட்டிருக்கு?" என்றார் மாடசாமி.

ஜிம்மி அளவு நாடாவின் முதல் இரண்டு அங்குலத்தை வாயில் போட்டுக்கொண்டது.

பக்கத்து வீட்டுப் பவளம் கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். "என்னங்கய்யா, மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"கப்பலுக்கு அளவு கேட்டிருக்கான்."

"கப்பலுக்கா? அப்ப கொஞ்சம் லூசாவே வையுங்க லா. கடல் காத்துல சுருங்கிடப் போவுது."

செல்லையா சிரிக்கவில்லை. கடிதப் போக்குவரத்து சம்பந்தப்பட்ட எதிலும் அவர் சிரிப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூக்கு முதல் வால் ஆரம்பம் வரை முப்பது, வால் மட்டும் பதினொன்று, வாலோடு சேர்த்து நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, 'வாலை ஆட்டும்போது அகலம் மாறக்கூடும்' என்றும் சேர்த்தார். பின்னால் யாரும் தகராறு செய்யக் கூடாது பாருங்கள்.

இந்த டிவிஷனுக்கு மாற்றலாகி அவர் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கடிதம் எழுதினால் பதில் வரும். வந்த பதில் சரியில்லையென்றால் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். செல்லையாவுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அந்த உலகத்தில் அவர் இதுவரை தோற்றதில்லை.

செல்லையா வந்த முதல் மாதமே மாடசாமி ஒரு கடிதத்தை நீட்டியிருந்தார். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் வீரப்பன் எழுதியது. ஏழு வயதில் அந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பினாங்கில் இறங்கியவர் மாடசாமி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வளர்த்தது அண்ணன்தான். அண்ணன் ஊர் திரும்பி இருபது வருடம் ஆகிறது. தனக்கும் வயதாகிவிட்டது, தம்பியும் சம்சாரமும் ஊரோடு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். மாடசாமி அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை.

செல்லையா அந்தக் கடிதத்தை உரக்கப் படித்தார்.

'விமானத்தில் நாயை ஏற்ற மாட்டார்கள், அதை விட்டுவிட்டு வர முடியாது என்று எழுதியிருந்தாய். விசாரித்தேன். கப்பலில் ஏற்றுவார்களாம். நாயோடு கப்பலில் வா. தை பிறப்பதற்குள் வந்து சேர்.'

"இதாங்கய்யா நம்ம கதை," என்றார் மாடசாமி. "ஜிம்மி இல்லாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். கப்பல்காரன் ஏத்துவானான்னு நீங்கதான் ஒரு வார்த்தை எழுதிக் கேக்கணும். முடியாதுன்னு சொல்லிட்டா, அதையே அண்ணனுக்கு எழுதிடுங்க."

"ஏன் முடியாதுன்னு நினைக்கிறீங்க? எழுதிப் பார்ப்போம்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்கய்யா."

பினாங்குக் கப்பல் ஆபீசிலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பயணிகள் தளத்தில் நாய்களை அனுமதிப்பதில்லை. ஒரே வரி.

செல்லையா அதைச் சொல்வதற்குத் தயங்கித் தயங்கித்தான் போனார். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நம்ம தலையெழுத்துங்கய்யா" என்று பெருமூச்சு விட்டார். அதற்குள் அவர் மனைவி இராசம்மா அடுப்பில் எண்ணெய் வைத்து, சுடச்சுட உளுந்து வடை சுட்டுக் கொண்டுவந்தாள். மூன்று வடை போதும் என்று செல்லையா சொல்லியும் ஆறு வைத்தாள்.

இவ்வளவு துக்கத்திலும் வந்தவரை உபசரிக்கும் மனசு யாருக்கு வரும்? செல்லையா நான்காவது வடையையும் எடுத்துக்கொண்டார். ருசிக்காகப் பாதி, அந்த மனசுக்காகப் பாதி.

"மாடசாமி, நான் விடமாட்டேன்," என்றார். "எந்த விதிப்படி அனுமதிக்கறதில்லைன்னு கேட்கறேன்."

"ஐயோ, வேணாங்கய்யா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை."

விதி கேட்டதும் கப்பல் ஆபீஸ் இறங்கி வந்தது. மேல்தளத்தில், கூண்டுக்குள் வைத்து, மிருக டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு, கேப்டன் சம்மதித்தால் ஏற்றலாம். நாயின் நீளத்தைத் தெரிவிக்கவும். அந்த நீளத்தைத்தான் இப்போது எடுத்து முடித்திருந்தார்.

கூண்டு செய்யும் வேலை தேயிலைத் தொழிற்சாலைத் தச்சர் கந்தனிடம் போனது. அவருக்குத் தெரிந்த பெட்டி ஒன்றுதான், தேயிலைப் பெட்டி. பெரிய அளவில் ஒன்றை அடித்து, முன்பக்கம் கம்பி வலை வைத்து, பழக்கதோஷத்தில் எஸ்டேட் முத்திரையையும் குத்திக் கொடுத்துவிட்டார். செல்லையா எதையும் உள்ளபடி எழுதுகிறவர். 'முத்திரையிட்ட தேயிலைப் பெட்டி ஒன்று' என்று எழுதி அனுப்பினார்.

பதில் வந்தது: தேயிலையைப் பயணிகளின் சாமானாகக் கொண்டுபோக முடியாது. ஏற்றுமதி அனுமதி வேண்டும்.

"அப்ப முடியாதுங்களா?" என்றார் மாடசாமி.

"இப்போதைக்கு ஒரு சின்னச் சிக்கல்."

அன்றைக்கு இராசம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

கோழி சாப்பிட்ட கையோடு செல்லையா மூன்று பக்கம் எழுதினார். பெட்டியில் தேயிலை இல்லை, நாய்தான் இருக்கிறது. பெட்டி தேயிலைப் பெட்டி என்பதால் உள்ளே இருப்பது தேயிலை ஆகிவிடாது என்று தொடங்கி, பத்தி பத்தியாக நம்பர் போட்டு எழுதினார். கப்பல் ஆபீஸ் களைத்துப் போயிருக்க வேண்டும். பெட்டிக்குள் தேயிலை இல்லை என்று எஸ்டேட் மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று எழுதிவிட்டது.

துரை காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். வெள்ளைக்காரர் போய் உள்ளூர்க்காரர் வந்த பிறகும் மேனேஜர் துரைதான்.

"செல்லையா, பெட்டிக்குள்ள தேயிலை இருக்குன்னுதான் இத்தனை வருஷமா இந்த ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டிருக்கோம். இல்லைன்னு நான் போட்டதில்லையே."

"இது ஒரு முன்மாதிரியா இருக்கும் சார்."

"உரம் வந்துடுச்சா? அதுக்கு எழுதுனீங்களா?"

உரத்துக்கு எழுதவில்லை. செல்லையாவுக்கு அன்றுதான் அது ஞாபகம் வந்தது. துரை அப்படியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது திட்டியதைவிட உறைத்தது.

கூண்டு முடிந்தது. அடுத்தது சர்ட்டிபிகேட். கப்பல் புறப்படுவதற்கு முந்தைய பதினான்கு நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். டாக்டர் மலைக்குக் கீழே தாப்பாவில் இருந்தார். பஸ்ஸில் நாயை ஏற்ற மறுத்துவிட்டார்கள். மேலே திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவரும் ராஜுவின் லோரியில் செல்லையாவே நாயோடு ஏறினார். மாடசாமிக்கு அன்றைக்குப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

தானா ராத்தா டவுனைத் தாண்டிப் பத்தாவது வளைவில் ஜிம்மி வாந்தி எடுத்தது. இருபதாவது வளைவில் மறுபடியும். அதற்குப் பிறகு வளைவுகளை எண்ணுவதை ராஜு நிறுத்திவிட்டு, நாசமான முட்டைக்கோஸ்களை எண்ண ஆரம்பித்தான்.

"ஐயா, கோஸு வாங்குற சைனா டவுக்கே என்னைக் கேப்பான். இதுல எது நல்ல கோஸுன்னு நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடுங்க."

தாப்பாவில் இறங்கியபோது ஜிம்மியால் நிற்க முடியவில்லை. டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார்.

"இதுக்கு என்னமோ இருக்கு. பத்து நாள் வச்சுப் பார்க்காம சர்ட்டிபிகேட் தரமாட்டேன்."

"டாக்டர், இதுக்கு வளைவுதான் நோய்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

திரும்ப மலைக்குக் கொண்டுபோய்ப் பத்து நாள் கழித்துக் கொண்டுவந்தால் மறுபடி அதே வளைவு, அதே வாந்தி, இன்னொரு பத்து நாள். பெரிய கணக்கு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. செல்லையா வருடாந்திர லீவை எழுதிப் போட்டுவிட்டு, தாப்பாவிலிருந்த தங்கை ருக்குமணி வீட்டில் நாயோடு தங்கினார். முதல் நாள் ஜிம்மி மச்சானின் செருப்பைத் தின்றது. மூன்றாம் நாள் மச்சான் செல்லையாவிடம் பேசுவதை நிறுத்தினார். ஏழாம் நாள் ருக்குமணி கேட்டாள்.

"அண்ணே, அந்த ஆளு உனக்குச் சொந்தமா?"

"இல்ல."

"நாய்?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்குண்ணே?"

செல்லையா யோசித்தார். "ஒரு மனுஷன் அண்ணன் பேச்சையும் மீற முடியாம, வளர்த்த பிராணியையும் விட முடியாம நடுவுல நிக்கறான்மா. நமக்கு எழுதத் தெரியும். எழுதாம இருக்கலாமா?"

ருக்குமணி நாய்க்கும் ஒரு தட்டில் சோறு வைத்தாள். மச்சானுக்குத்தான் புதுச் செருப்பு வாங்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஜிம்மி டாக்டரின் கையை நக்கியது. சர்ட்டிபிகேட் கிடைத்தது. ஜன்னலோரம் தலையை நீட்டவிட்டு, வழியில் ஐந்து இடத்தில் லோரியை நிறுத்தி, நாயை மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார் செல்லையா.

மாடசாமி ஓடிவந்து அதை வாரி எடுத்துக்கொண்டார். அது அவர் முகமெல்லாம் நக்கியது. சர்ட்டிபிகேட்டைக் காட்டியபோது மட்டும், "கெடைச்சிருச்சுங்களா" என்று மெதுவாகக் கேட்டார். இராசம்மா டீ கொண்டுவந்தாள். சீனி போட மறந்திருந்தாள்.

பாக்கி இருந்தது கேப்டன் ஒருவர்தான். கப்பல் புறப்பட மூன்று நாள். ஜிம்மியைப் பற்றி செல்லையா ஏற்கெனவே அவருக்கு ஒரு தனிக் கடிதம் எழுதிப் பினாங்கு ஆபீஸ் மூலம் அனுப்பியிருந்தார். அதைப்போல ஒன்றை அவர் வாழ்க்கையில் எழுதியதில்லை. ஒரே ஒரு பக்கம். பத்திகளுக்கு நம்பர்கூடப் போடவில்லை.

பதில் தந்தியாக வந்தது. 'நாயைக் கொண்டு வரவும். மாலையில் என் தளத்தில் நடக்கலாம். எனக்கும் நாய் உண்டு. கேப்டன்.'

செல்லையா தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஓடினார். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கக்கூட அவர் அப்படி ஓடியதில்லை.

"மாடசாமி! கேப்டனே ஒத்துக்கிட்டார்! தன்கூடவே நடக்கச் சொல்லிட்டார்!"

மாடசாமி கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"கடல்ல அதுக்கு வாந்தி வருமேங்கய்யா?"

"கடல்ல வளைவு ஏது?"

"ஆமாங்க," என்றார் மாடசாமி. "வளைவு இல்லதான்." இராசம்மாவைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். "ரொம்ப நன்றிங்கய்யா. உங்களை மாதிரி யாரு செய்வா?"

செல்லையா உடனே தானா ராத்தாவுக்குப் போய் இரண்டு தந்தி அடித்தார். ஒன்று கப்பல் ஆபீசுக்கு: இரு பயணிகளும் நாயும் வருவது உறுதி. இன்னொன்று ஆலங்குடிக்கு: தம்பி நாயுடன் புறப்படுகிறார்.

திரும்பி வரும்போது மஞ்சள் வெயில் மலையில் சாய்ந்திருந்தது. பதினெட்டாம் நம்பர் மலை ஓரத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மாடசாமி குந்தியிருந்தார். அவர் மடியில் ஜிம்மி தலையை வைத்துப் படுத்திருந்தது.

"ரெண்டு தந்தியும் போயிருச்சு," என்றார் செல்லையா. "இனி யாராலும் தடுக்க முடியாது."

"யாராலும் முடியாதுங்களாய்யா?"

"முடியாது."

மாடசாமி பக்கத்துச் செடியிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். "இந்தப் பதினெட்டாம் நம்பரு பூராவும் நான் நட்டதுங்கய்யா. அப்ப எனக்கு மீசைகூட முளைக்கல. இராசம்மாவைப் பொண்ணு பாத்ததும் அந்தா, அந்த மேட்டுலதான். கொழுந்து எடுத்துக்கிட்டு நின்னா."

"ஊருக்குப் போனதும் அண்ணன்கிட்ட இதெல்லாம் சொல்லுங்க. சந்தோஷப்படுவார்."

"சொல்றேங்க."

அளவுக்கு மீறிய சந்தோஷத்தில் மனிதனுக்குப் பேச்சு வராது என்று செல்லையா தெரிந்து வைத்திருந்தார். மாடசாமியைத் தனியே விட்டுவிட்டு, மனசு நிறைந்து லயத்துப் பக்கம் இறங்கினார். பவளம் குழாயடியில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"பார்த்தியா பவளம்? குட்டியிலேர்ந்து இத்தனை வருஷம் வளர்த்த நாயைப் பிரியாம, கடைசியில கூட்டிக்கிட்டே போறார் உங்க மாடசாமி அண்ணன்."

பவளம் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத்தனை வருசமா? யாருங்கய்யா உங்களுக்குச் சொன்னது? ஊருக்கு வந்துடுன்னு அண்ணன்காரரு மொத கடுதாசி போட்டாருல்ல, அதுக்கு மறுநாள்தானே திரிங்காப்புக்குப் போயி இந்த நாயையே புடிச்சாந்தாரு!"