முதலில் பேச்சு, அப்புறம்தான் சாவி

வீட்டுக்குச் சொந்தக்காரி என்றால் காலை ஆட்டிக்கொண்டு வாடகை வாங்குகிறவள் என்று நினைப்பவர்கள், கொரட்டூர் ஏரிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் ஒரு மாதம் என் இடத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் நாங்கள். நடுவிலும் பின்னாலும் ஒவ்வொரு போர்ஷன் வாடகைக்கு. குழாய் ஒழுகினால் நான், ஃபியூஸ் போனால் நான், யார் துணி யார் கொடியில் காய்கிறது என்ற பஞ்சாயத்துக்கும் நான். என் கணவர் ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்ப்பவர். (ஷிஃப்ட் இல்லாத நாளிலும் இருப்பதாகவே பாவனை.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பின் போர்ஷன் காலியானது. 'டு லெட்' பலகையை மாட்டியதுதான் தாமதம், ஊரே திரண்டு வந்தது. ரசம் தாளிக்கும்போது ஒருத்தர், தலையில் எண்ணெய் வழியும்போது இன்னொருத்தர். கதவைத் திறந்து, அலமாரி வரைக்கும் காட்டி முடித்த பிறகு, "வாசல் தெற்கு பார்த்து இருக்கே" என்று கிளம்பிவிடுவார்கள். வாசல் தெற்கு பார்ப்பது தெருவிலிருந்தே தெரியாதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரத்தை மிச்சம் பிடிக்கச் சட்டம் போட்டேன். பார்க்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வரவேண்டும் என்று மளிகைக் கடையில் சொல்லி வைத்தேன். வந்தவர்களிடம் முதலில் பேச்சு, அப்புறம்தான் சாவி. எல்லா விவரங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், ஒத்துவராதவர்கள் வாசலோடு போய்விடுவார்கள் இல்லையா? அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தேன். நடுவில் யார் குறுக்கிட்டாலும் நிறுத்துவதில்லை என்பது என் கொள்கை. (கண்ணாடி முன்னால் ஒத்திகை வேறு!)

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆட்டோ வந்து நின்றது. வயதான அப்பா, அம்மா, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு பையன்.

"பார்க்க வந்திருக்கோம்மா. இன்னைக்கு வரச் சொல்லியிருந்தீங்க" என்றார் பெரியவர்.

"வாங்க வாங்க, நான்தான் சொல்லியிருந்தேன்" என்று ஆரம்பித்துவிட்டேன். "உங்களுக்கு முன்னாடியே நாலைஞ்சு பேர் பார்த்துட்டுப் போயிட்டாங்க. யார் முதல்ல அட்வான்ஸ் குடுக்கிறாங்களோ அவங்களுக்குத்தான்."

"அட்வான்ஸா? நாங்க எதுவும் கேட்கலையேம்மா."

"நீங்க எதுக்குக் கேட்கணும்? நாங்கதான் கேட்போம். அப்புறம், கொஞ்சம் பழசுதான். மறைக்க விரும்பலை."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் நிறுத்துவேனா?

"பதினோரு மாசம்தான் அக்ரிமென்ட். அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா நீட்டிக்கலாம்."

"பதினோரு மாசமா!"

"இதுக்கு முன்னாடி இருந்தவர் ரெண்டு வருஷம் இருந்தாரே! தங்கமான மனுஷன். டிரான்ஸ்பர் ஆயிடுச்சு, வேற வழியில்லாம விட்டுட்டுப் போனார்."

பெரியவரின் முகம் கறுத்தது. "வண்டிய எடுப்பா" என்றார். ஆட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது. சாவியையே தொடாமல் ஒரு பார்ட்டியை முடித்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போது நடு போர்ஷன் கதவு திறந்தது. அங்கே குடியிருந்த செல்லையா அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், சலவை வேட்டியில் வெளியே வந்தார்.

"தங்கச்சி, ஆட்டோ சத்தம் கேட்டுச்சே, மாப்ள வீட்டுக்காரவுக வந்துட்டாவளா? நம்ம மவ வசந்தாவப் பொண்ணு பாக்க வாராவ. கண்ணு பட்டுரும்னுதான் யார்ட்டயும் சொல்லல."

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் வரிசையாகத் திரும்பி வந்தது. முன்னாடி இருந்தவர்! ஐயோ, தங்கமான மனுஷன்! ஜன்னல் கம்பிக்குப் பின்னால், தலை நிறையப் பூவோடு வசந்தா நின்றிருந்தாள். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போனதில் அவள் வாசலுக்கே வருவதில்லை. இதுவும் தட்டிப்போனால் காரணம் ஜாதகம் இல்லை, நான். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அஞ்சு நிமிஷம் அண்ணாச்சி!" என்று ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் கணவருடையது. அவர்கள் தண்டவாளத்தைத் தாண்டி, பாடி மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டால் எங்கே தேடுவேன்? விலாசம் தெரியாது, பெயர்கூடத் தெரியாது. அண்ணாச்சியிடம் என்ன சொல்வேன்? ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அந்த கேட்டைத் திட்டாத நாளில்லை. அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "முன்னாடி இருந்தது வீட்டுல! பொண்ணோட இல்ல!"

கேட்டில் நின்ற அத்தனை சைக்கிள்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் நம்பவில்லை. காப்பாற்றியது ஆட்டோக்காரர்தான். "பெர்சு, யக்கா ஊட்டப் பத்திதான் சொல்லிகினு கீது. வாசல்ல டு லெட் போர்டு தொங்குதே, நீ பாக்கல?"

"அதை அங்கேயே சொல்றதுக்கென்னய்யா?"

"என்னை யாரு கேட்டா? இன்னாவோ கல்யாண மேட்டருன்னு கம்முனு இருந்தேன்."

பையன்தான் முதலில் சிரித்தான். அவன் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பொண்ணு எப்படி?" என்றார்.

"தங்கமான பொண்ணும்மா!"

"தங்கம்னு அவரையும்தான் சொன்னே" என்றார் அவர். ஆனாலும் ஆட்டோ திரும்பியது. அவர்கள் வசந்தாவைப் பார்த்து முடிக்கும் வரை நான் வாயே திறக்கவில்லை. (என் கணவர் அதைத்தான் அன்றைய அதிசயம் என்பார்.)

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. பையன் முருகேசனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. "விவரமெல்லாம் ஏற்கெனவே கேட்டாச்சு" என்று, உள்ளே பார்க்காமலே பின் போர்ஷனுக்குக் குடிவந்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பலகையை நான் மாட்டவே இல்லை.

பதினோரு மாதத்துக்கு ஒரு முறை பத்திரத்தோடு வந்து நிற்பான். "யக்கா, ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கு. நீட்டிக்கலாமா?"

நான் பேனாவை எடுப்பதற்குள் உள்ளேயிருந்து வசந்தாவின் குரல் வரும்: "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுராதீங்கக்கா! இன்னும் நாலைஞ்சு பேர் வந்து பார்த்துட்டுப் போகட்டும்!"