அஞ்சு என்றால் லீமா

1. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஏழு வினாடி மிச்சம்.
2. பந்தை உள்ளே எறிய நான் கோட்டுக்கு வெளியே நின்றேன்.
3. நடுவர் விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்.
4. காரணம், நான் என் தோழியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

கூடைப்பந்து விதிகளை, அவற்றை எழுதியவர்களைவிட அதிகமாக நம்பிய ஒரே மனிதர் மலேசியாவில் எங்கள் கூலாயில் இருக்கிறார்: அன்றைய நடுவர், கோட்டு அங்கிள். கோட்டுப் போட்டவர் என்று நினைக்க வேண்டாம்; அவர் கண் எப்போதும் மைதானத்துக் கோட்டிலேயே இருக்கும். வெளியிலிருந்து பந்தை எறிபவருக்கு ஐந்து வினாடிதான்; தாண்டினால் பந்து எதிரணிக்கு. அதை அவர் கையை வீசி, தமிழில், ஊருக்கே கேட்கும்படி எண்ணுவார். இடம் குறுகலாக இருந்தால் தடுப்பவர் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அதற்காகப் பாக்கெட்டில் அளவு டேப். ரொட்டி சானாய் கடை வரிசையிலும் பின்னால் நிற்பவரிடம், “தம்பி, ஒரு மீட்டர்!” என்பார்.

அன்று தோற்றால் எங்கள் தொழிற்சாலையில் பெண்கள் அணியே கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அங்கிள் “மூணு” என்றபோது என் தோழி தடுப்பவளிடமிருந்து விலகி ஓடினாள். “அஞ்சு!” என்று கத்தினேன். விசில்.

“அங்கிள், மூணுதானே எண்ணுனீங்க?”

“அஞ்சுன்னு கேட்டுச்சேம்மா!”

“அது நான் லா! அவ பேரு அஞ்சு!”

“அலமாக்!” அவளை மேலும் கீழும் பார்த்தார். “பேரு வைக்கிறப்ப ரூல் புக்க பாக்க மாட்டாங்களா?”

“எங்கப்பா ஃபுட்பால், அங்கிள்,” என்றாள் அஞ்சு.

தப்பு தன்னுடையது என்று எல்லோர் முன்னும் கையை உயர்த்திச் சொல்லி, பந்தை மறுபடி என்னிடமே கொடுத்தார். பதற்றத்தில், பந்து கையை விட்டுப் போகுமுன் என் கால் கோட்டைத் தாண்டிவிட்டது. விசில். தோற்றோம்.

“இப்பதானே திருப்பிக் குடுத்தீங்க!”

“குடுத்ததும் ரூல், எடுத்ததும் ரூல்.”

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் அவர் விதிப் புத்தகத்தோடு எங்கள் மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். “மொத விசில் என் தப்பு. ரெஃப்ரி தப்பு பண்ண ஆட்டத்த வச்சு டீம கலைக்கக் கூடாது. ரூல் இருக்கு.”

அப்படி ஒரு விதி இல்லை. புத்தகம் முழுவதும் தேடிவிட்டேன்.

எங்கள் அணி இருக்கிறது. அஞ்சு ஆடும் நாட்களில் அங்கிள், கடைசி எண்ணை மட்டும் மலாயில் மாற்றி, இப்படித்தான் எண்ணுகிறார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, லீமா.