மூணலசல் வைத்த பொட்டு

ஊவா மாகாணத்து மனிதர்கள் அத்தனை பேரும் அழுக்கு என்று மனப்பூர்வமாக நம்பியவர் மூணலசல். பதுளையில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சின்னத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவர்தான் தண்ணீரைக் காய்ச்சிச் சோதனைக்குத் தயார் செய்வார். மூன்று முறை அலசாத பாத்திரத்தைத் தொடமாட்டார். அதனால் வந்த பட்டப்பெயர்; சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெரகலையில் பேக்கரி, பிறகு லொறி என்று சுற்றிவிட்டு அங்கே போத்தல் கழுவச் சேர்ந்தேன். படுக்கை படிக்கட்டுக்கு அடியில். முதல் நாளே மூணலசல் என்னை முகர்ந்து பார்த்தார்.

"தலைக்கு என்னப்பா வச்சிருக்க?"

"தேங்காண்ணெங்க."

"போய் அலசிட்டு வா. மூணு தரம்."

மேனேஜரின் கல்யாண மோதிரத்தையே வாசலில் கழற்ற வைத்தவர். மேனேஜர் இரண்டு நாள் வெறும் விரலோடு வீட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பார்சல் இல்லாமல் வேலைக்கு வந்தார்.

ஒரு நாள் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பீலித் தண்ணீர் வந்தது. மலை ஊற்றிலிருந்து குழாயில் விழும் அந்தத் தண்ணீரைத்தான் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் குடிக்கிறார்கள். சோதனை முடிவு வந்தது. ஈயம்! பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிற ஈயம். பீலியை மூடச் சொல்லி மேனேஜர் கடிதம் எழுதிவிட்டார். விஷயம் கேட்டுத் தோட்டத் தலைவர் ஓடிவந்தார்.

"மூடிட்டா பொம்பளைங்க கொழுந்தெடுத்துட்டு வந்து ஒரு மைல் எறங்கணுங்க. கொடத்தோட ஏறணுங்க."

மூணலசல் கடிதத்தைப் பிடுங்கினார். "இருங்க. சுத்தத் தண்ணிய இதே மாதிரி காய்ச்சிப் பாப்போம்."

அவசரத்தில் நாங்கள் செய்யாமல் விட்ட வேலை அது. வடித்த தண்ணீரில் அமிலம் விட்டு, அதே குவளையில், ஆவியை வெளியே இழுக்கிற அதே புகைக்கூண்டுக்குள் காய்ச்சினோம். அதிலும் ஈயம்!

"பாத்திரத்த எவன்டா கெடுத்தது?" மூணலசல் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்து, பரிதாபமாக அண்ணாந்தேன். கூண்டின் உள்கூரையில் ஆவி பட்டு நனைந்த ஒரு சிவப்புச் சொட்டு, நேரே குவளைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மேல பாருங்க. குங்குமம்!"

"யார் வச்சது?" மேனேஜர் கத்தினார். மூணலசலின் காதுகள் அந்தப் பொட்டைவிடச் சிவந்தன.

"நாந்தாங்க. சரஸ்வதி பூசைக்கு எல்லாத்துக்கும் வச்சேன். சோறு போடுற கூண்ட மட்டும் விட மனசு வரலைங்க."

"கையக் கழுவிட்டாவது வச்சீங்களா?" என்றார் மேனேஜர்.

"மூணு தரம் கழுவினேங்க."

அந்த மலிவுக் குங்குமத்தைச் சுரண்டிச் சோதித்தோம். ஈயம் அதில்தான் இருந்தது. கூண்டைத் துடைத்துவிட்டுத் திரும்பக் காய்ச்சினோம். பீலித் தண்ணீர் சுத்தம். மூணலசல் புதுக் கடிதத்தைத் தானே கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பீலியடியில் ஒரு அக்கா செம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். செம்பின் விளிம்பில் மஞ்சள் கறை. மூணலசல் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். அலசாமல் குடித்தார்.

அதன் பிறகு நான் ஏழெட்டு ஊர் மாறிவிட்டேன். எங்கே போனாலும் என் கோப்பையை மூன்று தரம் அலசுகிறேன். தனியாகக் குடிக்கிற மாதிரி இருப்பதில்லை.