முதல் வரியில் கொட்டாவி

மகள் மறுபடியும் அந்தக் கொப்பியோடு எதிரே வந்து உட்கார்ந்ததும் கந்தப்பன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பா, கவ்வாத்து வெட்டுறப்ப கத்திய எப்புடிப் பிடிக்கணும்?"

மூன்று நாளாக இதே விசாரணை. தேயிலைச் செடியின் தலையை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுவதில் அவருக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம். இதுவரை எந்தத் துரையும் கேட்காத கேள்வி.

"எதுக்குக் கேக்குற?"

"ஜீவராணி டீச்சர் சயன்ஸ எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதச் சொல்லியிருக்காங்கப்பா."

"எல்லாருக்கும் புரிஞ்சா அது எப்புடி சயன்ஸு?"

லோஜினி சிரித்தாள். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கவ்வாத்து மெஷின் வரப்போவதாகப் பேச்சு. மலையில் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவின் மகளுக்கோ வகுப்பில் லோஜினியின் பக்கத்து மேசை. கொப்பியில் ஏறுவது கண்டாக்கையாவின் காதுக்குப் போக எவ்வளவு நேரம்?

மகள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் கொப்பியைத் திறந்தார். கந்தப்பன் எழுத்துக் கற்றதே நாற்பது வயதில், முதியோர் வகுப்பில். விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத்தான் நகர்வார்.

'தெரியாதவர். முதல் வரியில் கொட்டாவி. இரண்டாம் வரியில் முழித்தார். மூன்றாம் வரியில் தேத்தண்ணி கேட்டார்.'

வாளிச் சத்தம் கேட்டது. பக்கத்தைப் புரட்டக்கூட நேரமில்லை. மூடிவிட்டார்.

"வீரம்மா, நேத்து இவ எழுதினத வாசிச்சுக் காட்டுறப்ப நான் கொட்டாவி விட்டேனா?"

"நீங்க எப்பதான் விடல?" என்றாள் மனைவி.

"போச்சு. வேலைய நம்மகிட்டயே கறந்துக்கிட்டு, வேல தெரியாதவன்னு எழுதிக் குடுக்கப் போறாங்க. மலைக்கு மெஷினு, நான் புல்லு வெட்ட."

"பெத்த மகளயே சந்தேகப்படுறீங்களே!"

"மகள இல்ல. கொப்பிய."

அன்றிலிருந்து கொட்டாவியை விழுங்கினார். விழுங்கிய கொட்டாவி கண்ணில் தண்ணீராக முட்டியது.

"அம்மா, நான் வாசிச்சா அப்பா அழுவுறாரு!" என்று பூரித்த லோஜினி, இன்னும் நாலு பக்கம் வாசித்தாள்.

கொட்டாவியை மறைத்தால் மட்டும் போதாது, வேலையையும் மறைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

"எழுதிக்க. கத்திய சாய்க்கவே கூடாது. மேச மாதிரி தட்டையா வெட்டணும். அப்பதான் வெட்டுன எடத்துல தண்ணி தேங்கும், செடி குடிக்கும்."

தண்ணீர் தேங்கினால் கட்டை அழுகும், அதனால்தான் சாய்த்து வெட்டுகிறோம் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"அப்ப கெள வாதுல புடிக்கிற பாசிய என்னப்பா செய்யணும்?"

"தொடவே கூடாது. குளிருக்கு அது செடியோட கம்பளி."

அன்று பகல் முழுக்கப் பாசி தேய்த்து எடுத்ததில் அவருடைய விரல்கள் பச்சையாகக் கிடந்தன. கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"அப்பா, இதெல்லாம் ஒரு பொஸ்தகத்துலயும் இல்ல!"

"இருக்காது," என்றார் கந்தப்பன்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், கண்டாக்கையா அவரைப் பார்த்துச் சிரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் சிரிக்காத மனிதர். கொப்பி அவர் கைக்குப் போய்விட்டது என்று கந்தப்பன் முடிவுகட்டினார். அரைநாள் வேலையை விட்டுவிட்டு நேராகப் பாடசாலைக்கு நடந்தார்.

அதிபர் மக்பூல் சேர் மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். மேசையில் கட்டுக்கட்டாகத் தாள்கள்.

"சேர், நான் கொட்டாவி விட்டது உண்மதான். அதுக்காக வேல தெரியாதவன்னு எழுதுறது ஞாயமா?"

"யாரு எழுதினது?"

"கண்ணால பாத்தேனே! மக லோஜினி கொப்பியில. தெரியாதவர்னு போட்டு, மொத வரியில கொட்டாவி, மூணாவதுல தேத்தண்ணி."

அதிபர் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினார்.

"சத்தமா சொல்லாதீங்க. அது நான். எழுதினத, விஷயம் தெரியாத ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. கடற்கரையில பொறந்தவன், தேயிலையப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"அப்ப... நானு?"

அதிபர் மேசையிலிருந்த கட்டொன்றில் ஒரு தாளை உருவிப் பெருமையோடு நீட்டினார்.

"அடுத்த பக்கம் பார்க்கலயா? 'தெரிந்தவர்' நீங்கதான். கொட்டை எழுத்துல உங்க பேர் போட்டு, நீங்க சொன்னதுல ஒரு எழுத்தும் மாத்தாம ஐந்நூறு தாள் அடிச்சாச்சு. திங்கட்கிழமை பெரட்டுல உங்க கண்டாக்கையாவே எல்லாருக்கும் வாசிக்கப் போறாராம்!"